பிற சமயத்து நூலைப் பாராட்டலாமா?

பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கூத்தனூரில் விஜயதசமியன்று நடக்க இடம் இருக்காது. சரஸ்வதிக்கென்று தனிக்கோயில் தமிழ்நாட்டில் அபூர்வம். அதனால் திருவாரூர், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று டெல்டா முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நோட்டும் பேனாவும் அம்மன் பாதத்துக்குப் போய்த் திரும்புகின்றன. சோழ மன்னன் புலவர் ஒட்டக்கூத்தருக்குக் கொடுத்த ஊர் இது என்று தலவரலாறு சொல்கிறது. அதற்கு முந்தைய நாள், சரஸ்வதி பூஜையன்று, வீடுகளில் புத்தகங்களை மணையில் அடுக்கிச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டால் யாரும் எடுத்துப் படிக்கக் கூடாது. மற்ற நாட்களிலும், தெரியாமல் புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

இப்படி வணங்கப்படுகிற ஒரு பொருளைப் பார்த்து, 'இது நன்றாக இல்லை' என்று சொல்லலாமா? கதைப் புத்தகமென்றால் சொல்லிவிடலாம். சமய நூலாக இருந்தால்? தன் சமயத்து நூலில் மனம் ஒப்பாத ஓர் இடம் வந்தால் பக்தர் என்ன செய்வது? தான் ஏற்காத தெய்வத்தைப் பாடும் நூல் நெஞ்சைப் பறித்துக்கொண்டு போனால் அதை வெளியே சொல்வது துரோகமா? காவிரிக் கரையில் இந்தக் கேள்வி ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருகிறது. அரசர், அமைச்சர், கல்லூரி ஆசிரியர், நாவலாசிரியர் என்று பலரும் அவரவர் வழியில் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் வருகிறவர் ஓர் அரசர். அநபாய சோழன் என்று சேக்கிழார் போற்றும் இரண்டாம் குலோத்துங்கன், 1133 முதல் 1150 வரை ஆண்டவன். அவன் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் மனத்தைப் பறிகொடுத்திருந்தான் என்றும், அமைச்சராக இருந்த சேக்கிழார் அதைக் கண்டு வருந்தி, சமணருடைய இந்தப் பொய்ந்நூல் இம்மைக்கும் உதவாது, மறுமைக்கும் உதவாது என்று எடுத்துச் சொன்னார் என்றும் உமாபதி சிவம் எழுதிய சேக்கிழார் புராணம் சொல்கிறது. அப்படியானால் எதைப் படிப்பது என்று அரசன் கேட்டான். சுந்தரரின் திருத்தொண்டத் தொகையையும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியையும் சேக்கிழார் காட்டினார். அதையே விரித்துப் பாடித் தாரும் என்றான் அரசன். தில்லையில் பெரியபுராணம் பிறந்தது.

உமாபதி சிவம் இதை எழுதியது பதினான்காம் நூற்றாண்டில். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையில் நீண்ட காலம் கடந்துவிட்டது. அரசவையில் அப்படியே இந்தப் பேச்சு நடந்ததா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நடந்ததாக ஒரு சமூகம் நம்பி வந்தது என்பதே நமக்குப் போதும். அரசன் அண்மையில் படித்த நூலைப் பற்றி அமைச்சர் முகத்துக்கு நேரே சொன்ன அபிப்பிராயமாக அது பதிவாகியிருக்கிறது. தமிழில் மனம் திறந்து சொன்ன நூல் மதிப்புரைகளில் இதைவிடப் பெரிய விளைவை உண்டாக்கியது வேறொன்று உண்டா என்பது சந்தேகம்.

சேக்கிழாரின் கவலையை அற்பமென்று தள்ள முடியாது. நூல் மனிதனை மாற்றும் என்று நம்புகிறவருக்குத்தான் அந்தக் கவலை வரும். இன்று 'இலக்கியமாக மட்டும் படிக்கிறேன்' என்று சொல்லி எந்தச் சமய நூலையும் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். சீவகன் கடைசியில் அரசாட்சியைத் துறந்து துறவு பூணுகிறான். அந்தத் துறவு உண்மையா, நம் வாழ்க்கைக்கும் அது பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளாமல் திருமணங்களையும் வருணனைகளையும் மட்டும் ரசித்து எழுந்துவிட்டால் திருத்தக்கதேவரின் பேச்சில் பாதிதான் காதில் விழுந்தது என்று அர்த்தம். வட ஆப்பிரிக்காவிலிருந்த கிறிஸ்தவ ஆயர் அகுஸ்தீனும் இதே சங்கடத்தில் சிக்கியவர். வெர்ஜிலின் காவியத்தில் டைடோ இறந்ததற்காகச் சிறுவயதில் அழுததை எண்ணி அவர் தன் 'வாக்குமூலங்கள்' நூலில் வருந்துகிறார். தன் ஆன்மாவின் நிலைக்கு வராத கண்ணீர் ஒரு கற்பனைப் பெண்ணுக்கு வந்ததே என்பது அவர் மனக்குறை. நூலின் வலிமையை அறிந்தவர்களே அதற்கு அஞ்சினார்கள்.

ஆனாலும் சேக்கிழார் சொன்னதாக வரும் தீர்ப்பு, சிந்தாமணி என்ற காவியத்தைப் பொறுத்தவரை, தவறான தீர்ப்பு. பதின்மூன்று இலம்பகங்கள், 3,145 பாடல்கள். விருத்தப்பாவைப் பெருங்காவியத்துக்கு உரிய யாப்பாக நிலைநாட்டியது அந்த நூல். பின்னால் வந்த பெரியபுராணமும் விருத்தத்தில்தான் நடக்கிறது. அதுவும் பதின்மூன்று சருக்கங்களாகவே பிரிந்திருக்கிறது. மறுத்த நூல் வெட்டிய வாய்க்காலில்தான் மறுப்பு நூலுக்கும் தண்ணீர் பாய்ந்தது. மயிலாடுதுறைக்குப் பக்கத்துத் தேரழுந்தூரில் பிறந்த கம்பர், சிந்தாமணியிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டதாகச் சொன்னார் என்று புலவர்களிடையே ஒரு பழங்கதை வழங்குகிறது. வைணவக் காப்பியம் பாடிய கவிஞருக்குச் சமணக் காப்பியத்தில் வாங்கிக்கொள்ள இருந்தது. சைவ அமைச்சர் மட்டும் அதில் ஒன்றும் இல்லை என்றார்.

சேக்கிழாரின் செயலை அவருடைய சொல்லிலிருந்து பிரித்து எடைபோட வேண்டும். அரசனின் காது அவர் பக்கம் இருந்தது. சிந்தாமணி ஏடுகளைத் தேடி அழிக்கச் சொல்லியிருக்கலாம். மரபு அவரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிடிக்காத நூலுக்கு எதிராக நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் இன்னொரு நூலை எழுதி வைத்தார் என்றுதான் சொல்கிறது. தீர்ப்பு தவறு, செய்த காரியம் சரி.

அவருக்கு முன்பே இந்தக் கரையில் வேறொரு முறையும் இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்த மணிமேகலை, சாத்தனார் காவியத்தின் இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகருக்குப் போய், சைவர், வைணவர், வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் என்று வரிசையாகச் சமயவாதிகளைச் சந்திக்கிறாள். ஒவ்வொருவரையும் அவரவர் கொள்கையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். யாருடைய கொள்கையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை, கேட்ட பிறகே முடிவு செய்கிறாள். எதிர்க்கட்சியை முதலில் முழுதாக எடுத்துரைத்துவிட்டு அப்புறம் மறுக்கும் ஒழுக்கம் சைவ சாத்திரத்திலும் உண்டு. அருணந்தி சிவம் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பிற கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தே விடை சொல்கிறார்.

இந்த ஒழுக்கத்தால் நூல்களே பிழைத்திருக்கின்றன. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசி, பௌத்த நூல், முழுதாகக் கிடைக்கவில்லை. எஞ்சியவை சில பாடல்கள்தான். அதன் வாதங்களைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி, அதை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூலான நீலகேசியிலிருந்தும் அதன் உரையிலிருந்தும் வருகிறது. எதிரி நேர்மையாக எடுத்துச் சொன்னதால் தப்பியது. இன்னொரு பக்கம், வணங்கியவர்கள் கையில் அழிந்த ஏடுகளும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதான ஏட்டுச்சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்ட செய்தியைக் கேட்டு பதிப்பாசிரியர் உ.வே.சாமிநாதையர் பதறியதை அவருடைய 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. அந்தக் கோயில்காரர்கள் தமிழுக்குப் பகைவர்கள் இல்லை. நூலைப் புனிதப் பொருளாக மட்டுமே வைத்திருந்தவர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதவர்கள்.

சாமிநாதையரிடம் வருவதற்கு முன் தஞ்சைக் கோட்டைக்குள் ஒரு வாசகரைப் பார்த்துவிடலாம். 1826 மார்ச் இறுதியில் கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் தஞ்சாவூருக்கு வந்தார். இரண்டாம் சரபோஜி மன்னரோடு பேசிய வியப்பைக் கடிதத்தில் எழுதினார். மன்னர் லவாய்சியே, ஃபூர்குரா என்ற வேதியியலாரையும், லின்னேயஸ், புஃபோன் என்ற இயற்கை நூலாரையும் சரளமாக மேற்கோள் காட்டினார். ஷேக்ஸ்பியர் கவிதையைப் பற்றி மன்னர் கொண்டிருந்த கணிப்பு கவிஞர் பைரனுடையதைவிடச் சரியானது என்பது ஹீபரின் கருத்து. பைரன் அப்போது மறைந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. ஐரோப்பா அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஷேக்ஸ்பியர் விஷயத்தில் அப்படிப்பட்டவரை விஞ்சிய தீர்ப்பு தஞ்சாவூர் அரண்மனையில் கிடைத்தது என்கிறார் ஓர் ஆங்கிலேய ஆயர். ஹீபரும் கவிஞர்தான். சில நாட்களில், ஏப்ரல் 3ஆம் தேதி, திருச்சிராப்பள்ளியில் அவர் இறந்துபோனார்.

சரபோஜியின் சமய நிலை இங்கே கவனிக்கத்தக்கது. அவரை வளர்த்துக் கல்வி கிடைக்கச் செய்தவர் லுத்தரன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர். மன்னர் அவரைத் தகப்பனைப் போல நினைத்தார். 1798இல் ஸ்வார்ட்ஸ் மறைந்தபோது ஆங்கிலத்தில் இரங்கற்பா எழுதினார். சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு லண்டனில் சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் செய்வித்துத் தஞ்சைக்கு வரவழைத்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் அது இன்றும் இருக்கிறது. ஸ்வார்ட்ஸ் மரணப் படுக்கையில் கிடக்க, மன்னர் அருகில் நிற்கும் காட்சி. ஆனால் மன்னர் மதம் மாறவில்லை. 1803இல் பெரிய கோயில் சுவரில் போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராத்தியில் நெடிய கல்வெட்டாக வெட்டுவித்தவர் அவர்தான். பிற்காலத்தில் காசி யாத்திரையும் போய்வந்தார். அதே ஊரில், ஸ்வார்ட்ஸிடமே வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் மன்னர் மேல் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். ஒரே யாப்பும் ஒரே நாடக வடிவமும் இரண்டு சமயங்களுக்குமாக ஒரு கோட்டைக்குள் புழங்கின. பிற சமயத்தாரின் நூலை ஆழ்ந்து படித்தால் தன் சமயம் கரைந்துவிடும் என்ற பயத்துக்கு சரபோஜியின் வாழ்க்கை ஒரு நேரடி மறுப்பு.

மன்னருக்குப் பலரும் அடங்கி நடப்பார்கள்; அவர் எந்த நூலைப் படித்தாலும் கேட்க ஆள் இல்லை. ஒரு சாதாரணத் தமிழாசிரியர் இதே காரியத்தைச் செய்ய முனைந்தபோது என்ன நேர்ந்தது என்பதில்தான் கேள்வியின் முழுக் கனமும் தெரிகிறது.

1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து சில மாதங்களே ஆன சாமிநாதையருக்கு இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்; திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் அன்புக்கு உரியவர். ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று ஐயர் பட்டியலை விரிக்கிறார். எந்தப் புலவர் கேட்டாலும் மலைத்துப்போகும் பட்டியல். முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இவற்றைப் படித்து என்ன பிரயோசனம் என்ற பொருளில் கேட்டுவிட்டு, பழைய நூல்களுக்கு வருகிறார். சிந்தாமணி படித்ததுண்டா? சிலப்பதிகாரம்? மணிமேகலை?

பல ஆண்டு உழைப்பை ஒரு கேள்வியில் தள்ளிவிட்ட இந்தப் பேச்சைக் கேட்டு ஐயருக்கு வருத்தம் வந்தது இயல்பு. ஆனால் கோபித்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடவில்லை, மீண்டும் போனார். முதலியார் சிந்தாமணிப் பிரதியைத் தந்தார். பாடம் தொடங்கியது. முதல் பாட்டிலேயே தடங்கல். நச்சினார்க்கினியர் உரை கூட இருந்தும் சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. புராண வகுப்பில் வளர்ந்த அறிவு அங்கே உதவவில்லை.

இந்த இடத்தில் ஐயர் எடுத்த முடிவே இந்தக் கட்டுரையின் உயிர்நிலை. புரியாததைச் சொல்லழகு என்று கடந்து போகவும், புறச்சமயம் என்று மூடி வைக்கவும் அவருக்கு வழி இருந்தது. அவரோ கும்பகோணத்தில் குடியிருந்த சமணர்களைத் தேடிப் போனார். போன வீட்டு வாசலில் கோலமும் தோரணமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், பல மாதங்களாகச் சிந்தாமணியைப் பாராயணமாகப் படித்துவந்தார்களாம், அன்றைக்குத்தான் பூர்த்தியாம்! ஒரு சைவப் புலவருக்கு எங்கோ மறைந்துபோன அபூர்வ ஏடாக இருந்த நூல், சில தெருக்கள் தள்ளி ஒரு குடும்பத்தின் நித்திய பாராயணமாக இருந்தது. அதுவரை இந்தப் பக்கத்துப் புலவர்கள் அந்த வீட்டுப் படியேறிக் கேட்கவில்லை என்பதே குறை.

அந்த வீட்டுத் திண்ணையும் கூடமும் ஐயருக்குப் பள்ளிக்கூடமாயின. சமண தத்துவம், தீர்த்தங்கரர் வரலாறு, அவர்களுடைய வழக்குச் சொற்கள் எல்லாவற்றையும் சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். உரையாசிரியர் நச்சினார்க்கினியரைப் பற்றியும் இப்படி ஒரு மரபுக் கதை உண்டு. சமணம் அறியாமல் அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். சித்தாமூருக்குப் போய் அவர்களோடு இருந்து கற்றுத் திரும்ப எழுதினாராம். கதை உண்மையோ இல்லையோ, அதே பாதையில் ஐயர் உண்மையாகவே நடந்தார்.

முகம் சுளித்தவர்கள் இல்லாமல் இல்லை. சைவ மடத்து நிழலில் வளர்ந்தவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்ற முணுமுணுப்பு எழுந்தது. பெரியபுராணம் பிறந்த கதையை நெஞ்சில் வைத்திருந்தவர்களுக்கு அது அபசாரமாகவே தோன்றியிருக்கும். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1898இல் மணிமேகலை. அதற்காகப் பௌத்தத்தைக் கற்க வேண்டியிருந்தது. கும்பகோணம் கல்லூரியிலேயே இருந்த மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்து விளக்கி உதவினார். ஐயர் அந்தப் பதிப்போடு புத்தர் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் தமிழில் எழுதிச் சேர்த்தார். திருநீறு அணிந்த கை எழுதிய புத்த சரித்திரம்! வைணவர் கற்றுத் தர, சைவச் சூழலில் வளர்ந்தவர் எழுத, பௌத்த காவியம் உலகுக்கு வந்தது. இதனால் ஐயரின் பக்தி எள்ளளவும் குறையவில்லை. 1942இல் அவர் கண்மூடியது திருக்கழுக்குன்றத்தில், திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த கட்டடத்தில்.

இராமசுவாமி முதலியாரின் மனம் திறந்த பேச்சு இல்லாவிட்டால் இவை எதுவும் நடந்திருக்குமா? நன்றாகப் படித்திருக்கிறீர்கள், பேஷ் என்று அவர் தாம்பூலம் கொடுத்து அனுப்பியிருந்தால் ஐயருக்கு அன்றைக்கு மனம் குளிர்ந்திருக்கும். தமிழுக்கு நஷ்டமாகியிருக்கும். முதலியாரின் பேச்சில் அந்தாதிகளுக்கும் புராணங்களுக்கும் அநியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றில் தோய்ந்த மொழியறிவு இல்லாமல் ஐயர் சிந்தாமணியைப் பிடித்திருக்கவே முடியாது. ஆனாலும் நேர்மையான அபிப்பிராயம் பாதி அநியாயமாக இருந்தாலும் பயன் தருகிறது. உபசாரப் பாராட்டால் ஒன்றும் விளையாது.

இதுவரை பிறர் நூலைப் பற்றிய பேச்சு. தன் சமயத்து நூலைப் பற்றிப் பேசுவது இதைவிடக் கடினம்.

திருவாரூருக்குப் போகிற சைவ அன்பர் தண்டியடிகள் கதையை அறிவார். கண்ணில்லாத தொண்டர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு திருக்குளத்தைத் தூர் எடுத்தவர். எத்தனை அழகான படிமம்! கதை அங்கே நிற்காமல், தடுத்துப் பேசிய சமணர்கள் கண்ணிழந்து ஊரைவிட்டுத் துரத்தப்படுவதையும், அவர்களுடைய பள்ளிகள் இடிக்கப்படுவதையும் வெற்றியாகச் சொல்கிறது. திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியன்று சிறுத்தொண்டர் அமுது படைத்த விழா நடக்கிறது. பைரவ வேடத்தில் வந்த இறைவனுக்காகத் தாயும் தகப்பனும் தங்கள் ஒரே மகன் சீராளனை அரிந்து கறி சமைக்கிறார்கள். கடைசியில் பிள்ளை ஓடி வருகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். அது தெரிந்தும் தாய் பிள்ளையின் காலை இடுக்கிக்கொள்கிற இடத்தைச் சேக்கிழார் சொல்லும்போது கை நடுங்காமல் பக்கத்தைத் திருப்ப முடியாது.

ஒரு பக்தர் இந்த இடத்தில் என்ன சொல்வது? உபந்நியாசத்தில் இதற்குத் தத்துவ விளக்கம் தயாராக இருக்கும்: பிள்ளை என்பது பாசம், அரிந்தது பற்று. அது எளிய வழி. காவியம் பற்றைப் பற்றிப் பேசவில்லை. ரத்தமும் எலும்புமான ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுகிறது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய விவிலியக் கதையை எடுத்துக்கொண்டு டென்மார்க்கின் கீர்க்ககோர் 1843இல் 'அச்சமும் நடுக்கமும்' எழுதியபோது அவர் செய்த நல்ல காரியம், அந்தப் பயங்கரத்தை மழுப்பாமல் வைத்துக்கொண்டு யோசித்தது. சிறுத்தொண்டர் கதைக்கும் அந்த மரியாதை வேண்டும். 'இது என்னைக் கலங்க வைக்கிறது. என்னால் இதைச் சரியென்று சொல்ல முடியவில்லை' என்று சிவபக்தர் ஒருவர் சொன்னால் அதனால் சிவத்துவேஷம் வந்துவிடாது. வெட்டுப்பட்ட பிள்ளையை உணராமல் கைகூப்புகிறவரைவிட அவர் சேக்கிழாரைக் கவனமாகப் படித்தவர்.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு மழுப்பல் இருந்தது. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா வாதாடினார், ரா.பி.சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்வாதம் செய்தார்கள். அந்த வாதங்கள் 'தீ பரவட்டும்' என்று நூலாகவும் வந்தன. இந்த நூல்கள் மனிதருக்குள் ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்துகின்றன என்ற குற்றச்சாட்டு உண்மையான குற்றச்சாட்டு; அதை மேடையில் எழுப்பியது தேவையான காரியம். தீ அதற்கு விடையாகாது. எரிக்கச் சொல்கிறவரும் மணையில் வைத்துப் பூட்டுகிறவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: இருவருக்கும் இனி அந்த நூலைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. பொதுவுடைமைக் கட்சியின் ஜீவா, கடவுள் நம்பிக்கை இல்லாமலே, மேடை மேடையாகக் கம்பனைப் பேசினார். அவருடைய வழி கடினமானது; பின்பற்றத்தக்கதும் அதுவே.

வலங்கைமானில் 1912இல் பிறந்த க.நா.சுப்ரமண்யம் தன் வாழ்நாளையே அபிப்பிராயம் சொல்வதில் கழித்தவர். 1957இல் நூலாக வந்த 'படித்திருக்கிறீர்களா?' கட்டுரைகளில், தமிழ் வாசகன் இதைப் படித்திருக்க வேண்டும் என்று பெயர் சொல்லிச் சொன்னார். லட்சக்கணக்கானவர்கள் கல்கியின் தொடர்களுக்காக வாரந்தோறும் காத்திருந்த காலத்தில், அவை இலக்கியமாகா என்றார். கல்கியும் அதே காவிரிக்கரைக்காரர். மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலம். க.நா.சு.வின் பட்டியல்களில் விடுபட்டதாகக் கோபித்துக்கொண்டவர்கள் பலர். அவர் காரணங்களை விரிவாக வாதாடாமல் முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போனார் என்ற குறை நியாயமானது. ஆனால் ஒரு நூல் நல்ல நூலா என்பதை விற்பனையும் கட்சியும் சாதியும் தீர்மானிக்கக் கூடாது என்பதில் அவர் கடைசிவரை அசையவில்லை.

அவர் வெறும் விமரிசகராக நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவ்வளவாக வேண்டியிருக்காது. 1946இல் வந்த 'பொய்த்தேவு' நாவலுக்கு அவர் தலைப்பெடுத்தது திருவாசகத்திலிருந்து. காவிரிக்கரைச் சாத்தனூரில் ஏழைக் குடியில் பிறந்த சோமு, கோயில் மணியோசையில் மயங்கிய சிறுவன், வளர்ந்து பணக்கார முதலியாராகி, பணம், பெண், புகழ் என்று ஒவ்வொன்றாகத் தெய்வமாக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் பண்டாரமாக எல்லாவற்றையும் விட்டுப் போகிறான். மாணிக்கவாசகரின் ஒரு சொல்லை வாங்கி, அதை இருபதாம் நூற்றாண்டு மனிதன் மேல் வைத்துச் சோதித்த நூல் அது. பக்தி இலக்கியத்தை இப்படிப் படிப்பதும் ஒரு வழிபாடுதான்.

அதே க.நா.சு. சுவீடன் நாட்டு எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்டின் 'பாரபாஸ்' நாவலை 'அன்பு வழி' என்ற பெயரில் தமிழாக்கினார். லாகர்குவிஸ்டுக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏசுவுக்குப் பதிலாக விடுதலையான கொள்ளைக்காரன் பாரபாஸ், தனக்காக இன்னொருவர் சிலுவையில் மாண்டதைக் கண்ணால் பார்த்தவன், ஆயுள் முழுக்க நம்ப விரும்பியும் நம்ப முடியாமல் அலைகிறான். கிறிஸ்தவக் கதை, எழுதியவர் சபைக்கு வெளியே நின்றவர், மொழிபெயர்த்தவர் வலங்கைமான் பிராமணர், படித்து நெகிழ்ந்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடிக்காரரான தி.ஜானகிராமனும் அதே லாகர்குவிஸ்டின் இன்னொரு நாவலைக் 'குள்ளன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் நடுவில் நிற்கிற ஓர் எழுத்தாளரைத் தஞ்சை மண்ணின் இரண்டு பேர் தேடிப் பிடித்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

கும்பகோணத்துப் பட்டு வியாபாரி எம்.வி.வெங்கட்ராம் இன்னும் ஒரு படி மேலே போனார். முருக பக்தர், காதுக்குள் இடைவிடாமல் கேட்ட ஆபாசக் குரல்களோடு பல ஆண்டுகள் போராடியவர். அந்த அனுபவத்தை 'காதுகள்' என்று நாவலாக்கினார். 1993இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. நூல் சில இடங்களில் சுற்றிச் சுற்றி வருகிறது. படிக்கிறவரைக் களைப்படைய வைக்கிறது. ஆனால் ஒரு பக்தர் தன் பக்தி சோதிக்கப்பட்ட விதத்தை இவ்வளவு வெளிப்படையாகத் தமிழில் எழுதியது அரிது. தன்னைப் பற்றிய அபிப்பிராயத்திலும் அவர் எதையும் மறைக்கவில்லை.

பெரியபுராணம் தஞ்சை ஜில்லாவில் பல வீடுகளில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சிந்தாமணியும் இருக்கட்டும். சாமிநாதையர் பதிப்பு மறுபடி மறுபடி அச்சாகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமலும் படிக்கலாம். நாமகள் இலம்பகத்தை ஒரு வாரம், சேக்கிழாரின் திருமலைச் சருக்கத்தை ஒரு வாரம் என்று மாற்றி மாற்றிப் படித்துப் பார்க்கலாம். புரியாத இடம் வந்தால், தஞ்சாவூர்க் கரந்தையிலும் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் தீபங்குடியிலும் ஜினாலயங்கள் இருக்கின்றன. அங்கே வருகிறவர்களிடம் போய்க் கேட்கலாம். எந்த நூல் உயர்ந்தது என்ற அபிப்பிராயத்தை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.